வீட்டுக்கு வரும் செவிலியர் சேவை: பதினொரு வார அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கடந்த ஆவணி மாதத்தில் என் கணவருக்கு மூளையின் வலப்பக்கத்து இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, இடது கையும் இடது காலும் செயலிழந்தன. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு செலுத்தும் குழாயும், சிறுநீரை வெளியேற்றும் கேத்தீட்டர் குழாயும், காலையும் இரவும் இன்சுலினும் அவருடன் சேர்ந்து வந்தன. நான் அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பிறகு, எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தனியாகப் புரட்டிப் படுக்க வைக்கும் வலு எனக்கு இல்லை. ஆகவே திருச்சியில் வீட்டுக்குச் செவிலியர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். பகலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், இரவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. நாளொன்றுக்கு இருவருக்கும் சேர்த்து 2,200 ரூபாய். பதினொரு வாரங்கள் முடிந்த நிலையில் இதை எழுதுகிறேன். இதில் நிறைகளோடு குறைகளும் வருவதால் நிறுவனத்தின் பெயரை வெளியிடவில்லை. இதே முறையில் இயங்கும் எந்த நிறுவனத்தை நீங்கள் அமர்த்தினாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் நாள் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்தார். கணினிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். சைவமா அசைவமா, எந்த மொழியில் பேசினால் வசதி, வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா, செவிலியருக்குத் தனிக் கழிவறை உண்டா என்பவையெல்லாம் கேட்கப்பட்டன. அவை வேண்டாத கேள்விகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் ஒருமுறைகூட நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கவில்லை. இருமல் எப்படி இருக்கிறது, எச்சிலை விழுங்க முடிகிறதா, முதுகுத் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மறுநாள் பராமரிப்புத் திட்டம் என்ற பெயரில் இரண்டு பக்கத் தாள் வந்தது. அதில் ஒன்பது பிரச்சினைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. முதலாவதாக உறக்கக் குறைவு, இரண்டாவதாக மனச்சோர்வு, அதன் பிறகு மலச்சிக்கல் என்று போய், உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கும் அபாயம் ஏழாவது இடத்தில் இருந்தது. இன்சுலினால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும் அபாயம் அதில் இல்லவே இல்லை.

இந்தத் தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சேவையின் தரம் அங்கேதான் தெரிகிறது. ஒரு நோயாளிக்கு ஒன்பது தொல்லைகள் இருக்கலாம். ஒன்பதும் உண்மையாகவே இருக்கலாம். செவிலியரின் திறமை அவற்றைப் பட்டியல் போடுவதில் இல்லை, எதை முதலில் கையிலெடுப்பது என்று முடிவு செய்வதில் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியைகள் கற்பித்த கணக்கு எளிமையானது: நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது முதலில், மணிக்கணக்கில் பறிக்கக்கூடியது அடுத்து, நாள்கணக்கில் உடலைக் குலைப்பது அதன் பின், மாதக்கணக்கில் வாழ்வைக் குறைப்பது அதற்கும் பின். மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையும் அதைத்தான் சொல்கிறது. என் கணவருக்கு அந்தக் கணக்கைப் போட்டால், விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்ததால் புரையேறுவது முதலாவது. மூக்குக்குழாய் உணவையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் நம்பியிருந்ததால் சர்க்கரை இறங்கிவிடுவது இரண்டாவது. கேத்தீட்டர் வழியாகத் தொற்று ஏறுவது மூன்றாவது. படுக்கைப் புண் நான்காவது. உறக்கமும் மனச்சோர்வும் முக்கியமானவைதான், ஆனால் அவற்றைக் கவனிப்பதற்கு நோயாளி முதலில் உயிரோடு இருக்க வேண்டும். அந்தத் தாள் எல்லாப் பக்கவாத நோயாளிகளுக்கும் பொதுவாக அச்சிடப்பட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் மேலே பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, பகலில் வந்த செவிலியரைப் பற்றி எழுதுவது எனக்கு மனநிறைவைத் தருகிறது. அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். முதல் நாள் காலை ஏழரை மணிக்கு வந்து கையைக் கழுவிவிட்டு நேராகக் கட்டிலருகே போய், "ஐயா, வணக்கம், நான் உங்களைப் பாத்துக்க வந்திருக்கேன்" என்று சொல்லி, அவர் பதில் சொல்லும் குரலைக் கூர்ந்து கேட்டார். குரல் ஈரமாக, தொண்டையில் நீர் தேங்கியது போல் ஒலித்தால் எச்சில்கூடச் சரியாக இறங்கவில்லை என்று பொருள். அந்த ஒரு வணக்கத்திலேயே அவர் மூச்சுப்பாதையைச் சோதித்துவிட்டார் என்பதை நான் மட்டும் கண்டுகொண்டேன்.

எட்டு மணி உணவுக்கு முன் அவர் செய்த ஒவ்வொன்றையும் நான் கதவோரம் நின்று பார்த்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை முப்பது பாகைக்கு மேல் உயர்த்தினார். மூக்கு ஓரத்தில் குழாயின் மேல் இருக்கும் சென்டிமீட்டர்க் குறி முந்தைய நாள் எழுதிவைத்த அளவிலேயே இருக்கிறதா என்று பார்த்தார். வாயைத் திறந்து உள்ளே குழாய் சுருண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஊசிக்குழலால் சிறிது இரைப்பை நீரை உறிஞ்சி, அமிலத்தன்மை காட்டும் தாளில் விட்டு, பி.எச். அளவு 5.5-க்கு மேல் போகவில்லை, அதாவது குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் பழைய முறையைத்தான் நாங்கள் பல ஆண்டுகள் பின்பற்றினோம். நுரையீரலுக்குள் போய்விட்ட குழாயிலும் அதே போன்ற சத்தம் கேட்கக்கூடும் என்பதால் அந்த முறையை நம்பக்கூடாது என்று பிற்காலத்தில் கற்றுக்கொண்டோம். இந்தப் பெண் அதை இயல்பாகவே தவிர்த்தார். இன்னொன்றும் செய்தார்: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று என்னிடம் கேட்டார். அந்த மாத்திரை போகும்போது, குழாய் சரியான இடத்தில் இருந்தாலும் தாள் ஏமாற்றும். அப்போது குறியையும் பழைய எக்ஸ்ரே குறிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு 30 மில்லி தண்ணீர், 200 மில்லி கஞ்சி, மறுபடியும் 30 மில்லி தண்ணீர். பிஸ்டனால் அழுத்தாமல் குழலை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கும் வேகத்துக்கு விட்டார். உணவு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தலைப்பக்கத்தைத் தாழ்த்த விடவில்லை.

வாய் வழியாக எதுவும் சாப்பிடாதவருக்கு எதற்குப் பல் துலக்க வேண்டும் என்று வீட்டில் பலர் நினைப்பார்கள். உண்மையில் அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு சத்தமில்லாமல் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். பக்கவாதம் வந்தவருக்கு இருமலே வராமல்கூட அது நடந்துவிடும். இந்தச் செவிலியர் காலையும் மாலையும் மென்மையான தூரிகையால் நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் துடைத்தார். இடது கன்னத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அங்கே தேங்குவதைத் தனியாகப் பார்த்தார். படுக்கையிலிருந்து தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும் என்பதை என் மகனுக்கும் மருமகளுக்கும் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தார். அழைப்பு மணியை வலக்கைப் பக்கம் மாற்றி வைத்தார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தம் இடப்பக்கத்தில் இருக்கும் பொருளே கவனத்துக்கு வராது. இடப்பக்கம் வைத்த மணி அவருக்கு இல்லாத மணிதான்.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது, பகல் செவிலியருக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது. ஏழு வாரங்களில் ஐந்து வெவ்வேறு முகங்கள் வந்தன. மூன்றாவது ஞாயிறு நடந்ததை நான் எளிதில் மறக்க மாட்டேன். என் கணவருக்குக் காலையில் 16 யூனிட் கலப்பு இன்சுலின். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி. நம் நாட்டில் இன்றும் பரவலாக விற்பது அதுதான். அதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசிதான் பொருந்தும். ஆரஞ்சு மூடி போட்ட ஊசி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு உரியது. அன்று வந்த செவிலியர் நிறுவனம் கொடுத்த பையிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியை எடுத்து, 16 என்ற கோடு வரை இழுத்துவிட்டார். நான் பார்த்துத் தடுத்திராவிட்டால் உள்ளே போயிருக்கக்கூடிய மருந்து 6.4 யூனிட் மட்டுமே. அன்று தவறு குறைவான பக்கம் நேர்ந்ததால் பெரிய ஆபத்து இல்லை. இதே குழப்பம் எதிர்ப்பக்கம் நடந்தால், அதாவது 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 16 வரை இழுத்தால், 40 யூனிட் உடம்புக்குள் போகும். பேச்சுத் தெளிவில்லாத, படுக்கையில் கிடக்கும் ஒருவர் வியர்த்துக் கொட்டி மயங்கிக் கிடப்பதை, தூங்குகிறார் என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணை நான் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய பையில் ஆரஞ்சு மூடி ஊசிகள் மட்டும்தான் இருந்தன. நிறுவனம் எல்லா வீட்டுக்கும் ஒரே பையை அனுப்புகிறது என்பதே காரணம். அன்றே தொலைபேசியில் சொன்னேன், வருத்தம் தெரிவித்தார்கள். எழுத்து மூலமாகவும் கேட்டேன். குப்பியின் அளவும் ஊசியின் மூடி நிறமும் பராமரிப்புத் தாளின் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அடுத்த ஞாயிறும் அதே பைதான் வந்தது. இரண்டு வாரங்கள் கழித்தே சிவப்பு மூடி ஊசிகள் தனி உறையில் வந்தன. இன்சுலின் போடும் வீட்டில் இருப்பவர்கள் இந்த நிறப் பொருத்தத்தைத் தாமே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, உணவு தாமதமானாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான இன்சுலினை அப்படியே போட்டுவிடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதும், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் விழுங்க முடிந்தவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும், நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதும் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய செய்திகள். எங்கள் பகல் செவிலியர் இரண்டாம் நாளே அவற்றைத் தம் கையால் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினார்.

இரவு உதவியாளரைப் பற்றி எழுதும்போது நியாயமாக இருக்க முயல்கிறேன். அவர் செவிலியர் அல்லர். ஆறு மாதப் பயிற்சி பெற்ற, மாலையில் இரண்டு பேருந்து மாறி வந்து, பகலில் வீட்டு வேலையையும் பார்க்கும் பெண். அவர் செய்ய வேண்டிய வேலைகளில் தலையாயது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது. நான்காவது வாரத்தில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தபோது, திருப்பிய நேரத்தைக் குறிக்கும் தாளில் ஆறு மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. என் கணவர் மல்லாந்தே கிடந்தார். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். சிவப்பு வெளுக்கவில்லை. அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கும் தோல் இன்னும் மீளக்கூடியது. வெளுக்காத சிவப்பு என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது, அதுவே படுக்கைப் புண்ணின் முதல் நிலை.

"ஏர் பெட்டு போட்டிருக்கே அம்மா, அப்புறம் எதுக்குத் திருப்பணும்?" என்று உதவியாளர் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். காற்று மெத்தை அறைகளில் மாறி மாறிக் காற்று ஏறி இறங்குவதால் அழுத்தம் ஓரளவு பரவுகிறது. திருப்புவதற்கு அது மாற்று அல்ல. இரத்த ஓட்டம் வரட்டும் என்று அவர் அந்தச் சிவந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தும் வந்திருக்கிறார். அன்பினால் செய்ததுதான். ஆனால் ஏற்கெனவே நசுங்கிய தோலடித் திசுவைத் தேய்ப்பது அதை மேலும் கிழிக்கும். நம் வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் பழக்கம் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: எலும்பு துருத்தும் இடத்தில் சிவப்பு கண்டால் தேய்க்கக்கூடாது, அந்த இடத்தின் மேல் படுக்கவே விடக்கூடாது.

நான் புகார் கொடுத்தபோது, அந்தப் பெண்ணை நீக்கிவிட்டு வேறொருவரை அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்யவில்லை என்பதற்காக இந்த நிறுவனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அனுபவமுள்ள மேற்பார்வைச் செவிலியர் ஒருவர் இரவு பத்து மணிக்கு வந்து விடியும் வரை தங்கி, அவரோடு சேர்ந்தே திருப்பினார். முழுதாகப் பக்கவாட்டில் சாய்க்காமல் முப்பது பாகை மட்டும் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக்கொடுப்பது எப்படி, கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் மிதக்க விடுவது எப்படி, இழுக்காமல் குறுக்கு விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவது எப்படி என்று செய்து காட்டினார். கையெழுத்துத் தாளில், திருப்பிய பக்கத்தையும் தோலின் நிறத்தையும் எழுத வேண்டும் என்று மாற்றினார். அப்படி எழுத வேண்டியிருந்தால் முன்கூட்டியே நிரப்பிவைக்க முடியாது. பன்னிரண்டு நாளில் சிவப்பு மறைந்தது. அதன் பிறகு அந்த உதவியாளர் ஓர் இரவுகூடத் தவறவிடவில்லை. இந்தப் பயிற்சியை வேலைக்கு அனுப்பும் முன்னரே கொடுத்திருந்தால் என் கணவரின் முதுகு அதற்குப் பாடப்புத்தகமாகியிருக்க வேண்டியதில்லை.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் இந்தச் சேவையைப் பற்றிய என் முடிவைத் தீர்மானித்தது. காலை ஏழே முக்காலுக்கு உதவியாளர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஐயா ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இப்போதுதான் அசந்து தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் அதை நம்பிக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பகல் செவிலியர் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். என் கணவர் கண்ணைத் திறந்து, அந்தப் பெண்ணைப் பார்த்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். உடனே செவிலியர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 164. ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளவும் திருத்தவும் கூடிய காரணம் அதுதான் என்பதால் அதை முதலில் விலக்கினார். அடுத்து ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார்: 28. ஆக்ஸிஜன் 93, நாடித்துடிப்பு 118, இரத்த அழுத்தம் 94-க்கு 58. உடல் வெப்பம் 99.2 பாரன்ஹீட் மட்டுமே. பிறகு சிறுநீர்ப் பையைப் பார்த்தார். நள்ளிரவிலிருந்து காலை எட்டு மணி வரை சேர்ந்திருந்தது 150 மில்லி, அதுவும் கலங்கல். அவர் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 40 மில்லியாவது வந்திருக்க வேண்டும். குழாய் எங்கேனும் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று நெடுகத் தடவிப் பார்த்து, அடிவயிற்றையும் அழுத்திப் பார்த்தார். அடைப்பு இல்லை.

"மேடம், காய்ச்சல் இல்லைன்னு விடக்கூடாது. யூரின்லேர்ந்து இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல ஏறியிருக்கும்னு தோணுது. 108 கூப்பிட்டுடலாம்" என்றார். முதியவர்களுக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு, கடுமையான தொற்றில்கூடக் காய்ச்சல் ஏறாமல் போகலாம். புதிதாக வரும் குழப்பமும் வேகமான மூச்சும்தான் முதல் அடையாளம். முப்பத்தொரு ஆண்டு அனுபவமுள்ள நான் அடுக்களையில் நின்று காபி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் பத்து நிமிடத்துக்குள் இவ்வளவையும் முடித்திருந்தார். அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறும் என்பதால் எட்டு மணி உணவை நிறுத்தினார். உணவு நின்றதால் இன்சுலினையும் நிறுத்திவிட்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னார். எண்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் சேர்த்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுத்தார். அவரும் கூடவே வண்டியில் ஏறினார். சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது உறுதியானது. ஆறாம் நாள் வீடு திரும்பினோம். உறக்கத்தை முதலில் போட்டிருந்த அந்த அச்சடித்த தாளை நம்பும் ஒருவர் அன்று வந்திருந்தால், ராத்திரி தூங்காதவர் தூங்கட்டும் என்று திரையை இழுத்து மூடியிருப்பார்.

தொற்று ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கேத்தீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடும். ஆகவே அதை எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேட்பதே முதல் தற்காப்பு. சிறுநீர் சேரும் பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது, இணைப்பைக் கழற்றக்கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்த வேண்டும், தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பகலில் இவை அனைத்தும் நடந்தன. இரவில், திருப்பும்போது பையைத் தொங்கும் இடத்திலிருந்து எடுத்து மெத்தை மேலேயே வைத்துவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. அப்படி வைத்தால் பையிலிருக்கும் சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். அதுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் மருத்துவமனையிலிருந்து வந்ததும் கேத்தீட்டரை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது.

கட்டணச் சீட்டுகள் ஒழுங்காக வந்தன. கைப்பேசிச் செயலி இருக்கிறது. வருகைப் பதிவு தவிர வேறு எதற்கும் எனக்குப் பயன்படவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரவும் தீபாவளியன்றும் ஆளே அனுப்பவில்லை, முன்னறிவிப்பும் இல்லை. அந்த இரண்டு இரவும் என் மகனும் மருமகளும் கடிகார அலாரம் வைத்துக்கொண்டு திருப்பினார்கள்.

வசதி குறைந்தவர்கள் இந்தத் தொகையைக் கேட்டு மலைப்பார்கள் என்பதையும் நான் அறிவேன். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, இயன்முறைச் சிகிச்சையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அந்தச் செவிலியர்கள் கட்டிலருகே பன்னிரண்டு மணி நேரம் இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வீட்டிலிருக்கும் ஒருவருக்குத் திருப்பிப் படுக்க வைக்கவும் குழாய் வழியாக உணவு கொடுக்கவும் சரியாகக் கற்றுக்கொடுக்கும்படி அவர்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

தனியார் சேவையை அமர்த்துவோர், வருபவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சீருடை அணிந்த எல்லாரையும் நர்ஸ் என்றே அழைத்து அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. உதவியாளரை உதவியாளர் என்றே சொல்லி அனுப்பினால் அவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. சான்றிதழைப் பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நோயாளிக்கு இன்றைக்கு நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், ஏன்? பதில் வரும் விதத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும். பகல் செவிலியருக்காக இந்த நிறுவனத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவுச் சேவையை, மேற்பார்வையாளர் முதல் இரவு கூடவே தங்கிப் பயிற்சி தருவார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாற்றாள் ஏற்பாட்டை, இப்போதிருக்கும் நிலையில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்தாவது வாரம் விழுங்கும் பயிற்சி அளிக்கும் நிபுணர் வந்து சோதித்த பிறகு மூக்குக்குழாயும் எடுக்கப்பட்டது. இப்போது பகல் செவிலியர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறார். பழைய அச்சுத் தாளை ஒதுக்கிவிட்டு, அவரே எழுதித் தந்த தாள் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அதன் முதல் வரி: "நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைத் தாழ்த்தி, குழைத்த தயிர்சாதம் ஒவ்வொரு தேக்கரண்டியாக, வெறும் தண்ணீர் இன்னும் வேண்டாம்."